சாயாமல் உட்காரவும்

தொலைக்காட்சியில் பரிசு ஜெயித்தவர்கள் எல்லாம் எங்கே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திரையில் யாரோ ஒருவர் துள்ளுகிறார், புதுக் காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தேம்புகிறார். அந்தக் கார் பிறகு எந்த ரோட்டில் ஓடுகிறது? ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். பரிசுக் கார் ஒன்றுகூட என் பக்கத்தில் வந்து நின்றதில்லை. விசாரித்தால், ஜெயித்தவரைத் தெரிந்த ஒருவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஜெயித்தவரைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் எங்கள் தெரு லாசரஸே ஜெயித்து என் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார்.

லாசரஸ் மறைமலை நகரில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். மயிரிழை பிசகினாலும் ‘ரிஜெக்ட்’ என்று சிவப்பு முத்திரை குத்துவது அவர் வேலை. முத்திரை கையில் இல்லாத நேரத்தில் கண்ணாலேயே குத்துவார். அவர் மனைவி கிருபா தாம்பரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரே மகள் அபிகாயில், பிசியோதெரபி படித்துவிட்டு, ஊரில் இருக்கிறவர்களின் முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு தேக்கு சோபா இருந்தது. கிருபாவின் அப்பா கொடுத்தது. உறுதியானது, அழகானது, ஆனால் அதில் எங்கேயோ ஒரு ஆணி இருந்தது. எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆணிதான் ஆளைக் கண்டுபிடிக்கும். போன வருஷம் அபிகாயிலைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. காபி ஆயிற்று, ஜெபம் ஆயிற்று, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். அவருடைய பேண்ட்டில் ஒரு பகுதி எழவில்லை. “வீட்டுக்குப் போய் தகவல் சொல்றோம்” என்று சொல்லிவிட்டு அவர் வாசல் வரைக்கும் எங்களுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார். தகவல் வரவில்லை.

“இது செட் ஆவாது சார்” என்று அப்போதே சொன்னார் பக்கத்து வீட்டுத் துளசிங்கம். ஒரு காலத்தில் எங்கள் தெரு முழுக்க அவர்கள் நெல் வயல். இப்போது அவருக்கு வாடகைச் சாமான் கடை இருக்கிறது. விசேஷத்துக்கு நாற்காலி, அண்டா, ஷாமியானா எல்லாம் அவரிடம்தான். “பொண்ணு தங்கம் சார். சோபாதான் பேஜாரு.”

இந்த வருஷம் பள்ளிக்கரணையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்தது என்பதைவிட, அபிகாயிலும் அந்தப் பையன் ஆபேலும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் சேர்ந்து பாடி, அதை வரவழைத்தார்கள் என்று சொல்லலாம். ஆபேலுக்குப் பேங்கில் வேலை. அம்மா பியூலா சம்மதித்தால் போதும். அம்மா ஒரு தரம் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார். அபிகாயில் ஆபேலை எவ்வளவு விரும்பினாள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: பியூலா வருவதாகச் சொன்ன அன்றைக்கு அவள் தரையில் மண்டியிட்டு, கையால் தடவித் தடவி, அந்த ஆணியை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தேடினாள்.

கிருபா ஒரே முடிவாக இருந்தார். புது சோபா வந்த பிறகுதான் பியூலா குடும்பம் வர வேண்டும். லாசரஸ், போனஸ் வரட்டும் என்றார். போனஸ் வருவதற்கு முன்னால் குதூகலம் டிவியிலிருந்து போன் வந்தது.

தம்பதிகளுக்கான போட்டி. பேர் ‘தட்டுனா கிட்டும்’. கிருபா விண்ணப்பித்திருக்கிறார், லாசரஸுக்குத் தெரியாமல். “பேரே வேத வசனம் மாதிரி இருக்கு, கர்த்தர் சித்தம்தான்” என்றார். தட்டுவது என்று அவர்கள் சொன்னது கைதட்டலை என்பது பிறகுதான் தெரிந்தது. போட்டிக்கு வருகிறவர்கள் கைதட்ட ஆட்களையும் தாங்களே கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். அந்த வகையில் நானும் வேனில் ஏறினேன்.

படப்பிடிப்பு பூந்தமல்லி தாண்டி ஒரு தகரக் கொட்டகையில். வெளியே பார்த்தால் சிமெண்ட் கிடங்கு, உள்ளே போனால் இந்திரலோகம். காதில் ஒயரும் கையில் அட்டையுமாக ஒரு இளைஞர் எங்களை வரவேற்றார். பேர் பிரிட்டோ. உத்தியோகம், உணர்ச்சி ஒருங்கிணைப்பாளர்.

“அக்கா, அண்ணா, முதல்ல ஜெயிச்சதை எடுத்துடலாம்” என்றார் பிரிட்டோ.

லாசரஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். “இன்னும் போட்டியே நடக்கலையே தம்பி?”

“போட்டி சாயங்காலம் அண்ணா. சாயங்காலம் ஆனா எல்லாரும் டயர்டா ஆயிடுவாங்க. சந்தோஷம் முகத்துல நிக்காது. அதனால காலைலயே ஃபிரெஷ்ஷா எடுத்து வச்சுக்குவோம்.”

“அப்போ தோத்துட்டா?”

“தோத்ததையும் எடுத்து வச்சுக்குவோம் அண்ணா. எது பொருந்துதோ அதைப் போட்டுக்கலாம். கவலையே படாதீங்க, ரெண்டுக்கும் கிளிசரின் இருக்கு.”

கிருபா நல்ல மாணவி. இரண்டு கையாலும் வாயைப் பொத்த வேண்டும், மூன்று எண்ணிவிட்டுக் கண்ணைத் துடைக்க வேண்டும், பிறகு புருஷன் தோளில் சாய வேண்டும். ஒரே தடவையில் செய்து முடித்தார். லாசரஸின் சந்தோஷம்தான் தேறவில்லை. பிரிட்டோ ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கினார். “அண்ணா, பஸ் வந்துட்ட மாதிரி சந்தோஷப்படறீங்க. எனக்கு சோபா வந்துட்ட மாதிரி வேணும்.” வாழ்நாளெல்லாம் அடுத்தவன் செய்ததை ரிஜெக்ட் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன், தன் சந்தோஷம் வரிசையாக ரிஜெக்ட் ஆவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

எங்களுக்கும் பயிற்சி உண்டு. எதற்காக என்று தெரியாமல் நாங்கள் காலை முழுக்கக் கைதட்டினோம். மத்தியானம் தட்டுவதை நிறுத்திவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்த கையோடு, ‘ஐயோ, போச்சே’ என்று பதறுகிற பயிற்சி. அது எல்லாருக்கும் இயல்பாக வந்தது.

போட்டி என்று நடந்தது இரண்டு சுற்று. முதல் சுற்றில் கிருபாவின் கண்ணைக் கட்டிவிட்டு, வரிசையாகப் படுத்திருந்த ஆண்கள் குறட்டை விட, அதில் புருஷன் குறட்டை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிருபா கட்டை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே நேராகப் போய் லாசரஸின் விலாவில் ஒரு குத்து விட்டு “திரும்பிப் படுங்க” என்றார். அரங்கமே எழுந்து தட்டியது. நானும் தட்டினேன். அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இரண்டாவது சுற்று புருஷனுக்கு. ஜிகினா கோட்டு போட்ட தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தி, விளக்குகளையும் தாழ்த்தச் சொல்லி, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி கேட்டார்: “சார், இதுவரைக்கும் எந்தக் கணவராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. உங்க மனைவியோட கல்யாணப் புடவை என்ன கலர்?”

“வெள்ளை” என்றார் லாசரஸ்.

தொகுப்பாளர் அட்டையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முரசு ஒலி பாதியில் நின்றது. “வெள்ளையா சார்? நல்லா யோசிங்க.”

“எங்க சபையில எல்லாருக்கும் வெள்ளைதான் சார்.”

தொகுப்பாளருக்குப் பின்பாதி காதில் விழவில்லை. “இத்தனை வருஷம் கழிச்சு! ஒரு நொடிகூட யோசிக்காம! இதுதான்யா காதல்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கிளிசரின் போடவில்லை என்று பிரிட்டோ பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

திரை விலகியது. புகை வந்தது. புகைக்கு நடுவில் மெரூன் வெல்வெட்டில் தங்கப் பூ போட்டு, மூன்று பேர் உட்கார ஒன்றும் ஒற்றையாக இரண்டுமாக நின்றது பரிசு. “தேக்கு நிறத்தில், இத்தாலிய பாணியில், ராஜ பரம்பரைக் கம்பீரத்தோடு, சோபா செட்!” என்று எங்கிருந்தோ ஒரு குரல் முழங்கியது.

இருவரையும் அதில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் லாசரஸ் வழக்கப்படி பின்னால் சாயப் போனார். பிரிட்டோ கேமராவுக்குப் பின்னாலிருந்து பதறி ஓடி வந்தார்.

“அண்ணா, சாயாதீங்க! சாஞ்சா டிவியில கழுத்து தெரியாது.”

கிருபா அன்றைக்கு வைத்த கண்மை கிளிசரினில் கரைந்து கைப்பிடியில் சொட்டியது. அதைக் கைக்குட்டையால் ஒற்றினார், போகவில்லை. கீழே இறங்கி வந்ததும் “கல்லு மாதிரி இருக்குங்க” என்று லாசரஸின் காதில் சொன்னார். “புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்” என்றார் லாசரஸ். தரம் பார்க்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான் ஓடியது. மறுவாரம் ஆராதனையில் போதகர் மைக்கிலேயே வாழ்த்தினார். வாழ்த்திவிட்டு, ஆலய அலுவலகத்தில் உட்கார ஒன்றும் இல்லை என்பதையும் பொதுவாகச் சொல்லி வைத்தார். லாசரஸ் அன்றைக்கே தேக்கு சோபாவை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம், “லாசரஸ் குடும்பத்தார் தங்கள் சோபாவைக் காணிக்கையாகப் படைத்தார்கள்” என்று அறிவிப்பு வந்தது. மைக்கில் காணிக்கை என்று சொல்லியாகிவிட்டால் அது இனி கர்த்தருடையது. ஆணியும் சேர்த்துத்தான்.

லாசரஸ் ஹாலில் சாக்பீஸால் கோடு போட்டார். பெரியது இங்கே, ஒற்றை இரண்டும் அங்கே. கம்பெனியில் இயந்திரம் வருவதற்கு முன்னால் இப்படித்தான் போடுவார்களாம். அன்றுமுதல் அந்தக் குடும்பம் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. போய்ப் பார்க்கிறவர்களை “கோட்டை மிதிக்காதீங்க சார்” என்பார் லாசரஸ். நான் சோபாவைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடிப்பேன்.

பியூலாவிடமிருந்து போன் வந்தது. “டிவியில பாத்தோம்மா. சோபா வந்துடுச்சா?”

“வந்துகிட்டே இருக்குங்க” என்றார் கிருபா.

“வந்த உடனே சொல்லுங்க. அந்த சோபாவுல உக்காந்துதான் பேசணும்.”

அந்தக் குரலில் ஒரு அவசரம் இருந்ததாகக் கிருபா சொன்னார். அதாவது, சோபா வந்தால்தான் அவர்கள் வருவார்கள். அபிகாயில் போய்ச் சாக்பீஸ் கோட்டில் ஈரத்துணி படாமல் சுற்றிலும் தரையைத் துடைத்தாள்.

சேனலுக்குப் போன் போட்டால், உங்கள் மகிழ்ச்சி எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவாள். பாட்டு முடிந்தால் மகிழ்ச்சியும் துண்டிக்கப்படும். இப்படியே போய், ஒரு நாள் காலையில் ‘உங்கள் பரிசு இன்று வருகிறது’ என்று செய்தி வந்தது.

லாசரஸ் லீவு போட்டார். வாசல் கேட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார். துளசிங்கம் தன் கடை ஆட்களைத் தூக்குவதற்கு அனுப்பினார். ஆட்கள் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

“லாசரஸ் யாரு சார்? ஓடிபி சொல்லுங்க.”

“சோபா எங்கப்பா?”

“இதான் சார்” என்று அவன் காலிடுக்கிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். ஆட்களில் ஒருவர், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிரித்தால், மெரூன் வெல்வெட். தங்கப் பூ. பெரிய உறை ஒன்று, சின்ன உறைகள் இரண்டு, நாடாவோடு. வேறு ஏதாவது இருக்கும் என்று லாசரஸ் பையைத் தலைகீழாக உதறினார். ‘மகிழ்ந்திருங்கள்’ என்று ஒரு அட்டை விழுந்தது.

மறுநாள் நானும் லாசரஸும் தாம்பரத்தில் ரயிலேறிக் கோடம்பாக்கம் போய்ச் சேனல் ஆபீஸைக் கண்டுபிடித்தோம். நடையில் பரிசு வென்ற வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சிங்கப்பூர்ப் பயணம் வென்றவர். கையில் பயணப் பை மட்டும் இருந்தது. இன்னொரு அம்மாள் ஒரு வருஷத்து மளிகை வென்றவர். அவருக்கு வந்தது மளிகைக் கடைக் காலண்டர். ஒரு வருஷத்துக்கு இருந்தது.

பரிசுப் பிரிவின் தலைவர் பேர் சத்யநாராயணன். சிரித்த முகம், விபூதி, மேஜையில் நிறைய கேடயங்கள். எங்களை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். லாசரஸ் உறையை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னார். சத்யநாராயணனுக்குக் கோபமே வரவில்லை. விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“சார், நாங்க என்ன சொன்னோம்? சோபா செட்னு சொன்னோம். சோபான்னு சொன்னோமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

“எப்படி சார்? டீ செட்னா அதுல டீயா இருக்கும்? டீக்கு வேண்டிய சாமான் இருக்கும். ஷேவிங் செட் வாங்கினா கூட தாடியா தர்றான்? தாடி நம்மளுது. அது மாதிரி சோபா உங்களுது, சோபாவுக்கு வேண்டிய செட் எங்களுது.”

லாசரஸ் முழித்தார். பள்ளிக்கூடத்தில் தப்பான கணக்குக்குச் சரியான விடை வந்தால் கிருபா இப்படித்தான் முழிப்பாராம்.

“தேக்குன்னு சொன்னீங்களே சார்?”

“தேக்கு நிறம்னு சொன்னோம். தேக்குன்னு சொல்லியிருந்தா அது பொய் ஆயிடும். நாங்க பொய் சொல்ல மாட்டோம் சார்.” அவர் நெஞ்சில் கை வைத்தார். “மத்த சேனல்ல டிவியில ஒண்ணு காட்டுவான், வீட்டுக்கு வேற ஒண்ணு அனுப்புவான். எங்ககிட்ட அந்த வேலையே கிடையாது. நீங்க எதுல உக்காந்தீங்களோ, அதே பொருள், அன்னிக்கே கழட்டி, மடிச்சு, உங்களுக்குத்தான் எடுத்து வச்சோம். அதே சார். அதே!”

“ஆனா சார், என் பொண்ணைப் பாக்க வர்றாங்க…”

“வரட்டும் சார், சந்தோஷம். ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. உங்க ஒருத்தருக்கு நிஜமா சோபா குடுத்தா அந்த வீட்டுல நாலு பேர் உக்காருவான். குடுத்த மாதிரி காட்டினா தமிழ்நாடே சந்தோஷமா உக்காந்து பாக்குது. எது சார் பெரிய பரிசு? நாங்க பொருள் குடுக்கறதில்ல. தருணம் குடுக்கறோம். அந்தத் தருணத்துல மேடம் எப்படி அழுதாங்க! அந்தச் சந்தோஷத்தை நாங்க திருப்பிக் கேட்டோமா?”

கேட்கவில்லைதான். நாங்கள் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம். சத்யநாராயணன் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பி, அடுத்து வென்றவரை உள்ளே கூப்பிட்டார்.

வீட்டில் கிருபா அழுதார். இந்தத் தடவை எண்ணி அழவில்லை. “என்னாலதான் எல்லாம். இருந்ததையும் குடுத்தாச்சு. அவங்க வந்து எதுல உக்காருவாங்க? சபையில எல்லாரும் என்ன பேசுவாங்க?”

அபிகாயில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “விடும்மா. நான் ஆபேல்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். புடிச்சா வரட்டும்.” சொல்லிக்கொண்டே வெல்வெட்டை மடிக்கப் போனவள் நிறுத்தினாள். கைப்பிடி உறையில் கருப்பாக ஒரு கறை. “அம்மா, இது உன் மைதானே?”

கிருபாவின் மைதான். சத்யநாராயணன் பொய் சொல்லவில்லை, அதே பொருள்தான். அபிகாயில் பெரிய உறையைத் தரையில் விரித்து ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். உட்காரும் இடத்தில் மூன்று சின்னக் குழிகள், அடுத்தடுத்து. ஒவ்வொரு குழியின் நாலு மூலையிலும் கால் நுழைய ஓட்டை.

“அப்பா, டிவியில இதுக்குள்ள என்ன இருந்துச்சு?”

லாசரஸ் யோசித்தார். கல் மாதிரி இருந்தது. சாயக் கூடாது என்றார்கள். தரம் பார்க்கிற மூளை முதல் முறையாக அன்றைக்குத்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எழுந்து போய் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “துளசிங்கம், பிளாஸ்டிக் சேர் இருக்கா?” என்றார்.

துளசிங்கமே கடைப் பேர் எழுதிய நீல நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றை ஒட்டிப் போட்டு, முதுகைக் கயிற்றால் கட்டி, உறையை மாட்டினோம். கையுறை மாதிரி பொருந்தியது. ஒற்றைக்கு ஒற்றை. சாக்பீஸ் கோட்டுக்குள் நகர்த்தி வைத்துவிட்டு எல்லாரும் தள்ளி நின்று பார்த்தோம். டிவியில் பார்த்த அதே ராஜ பரம்பரை சோபா செட், ராஜகீழ்ப்பாக்கத்தில்.

“அடப்பாவிங்களா” என்றார் துளசிங்கம். “நம்ம சேருக்கு சட்டய தச்சுப் போட்டுகினு எம்மாம் பெரிய சேனலு நடத்திகினு கீறானுங்க!”

கிருபா கண்ணைத் துடைத்துக்கொண்டு பியூலாவுக்குப் போன் போட்டார். “வந்துடுச்சுங்க” என்றார். அது பொய் இல்லை. சத்யநாராயணன் வழியில் பார்த்தால் அப்பழுக்கில்லாத உண்மை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். பியூலா, அவர் கணவர், ஆபேல். கைதட்டினவன் என்ற உரிமையில் நானும் ஒரு மூலையில் நின்றேன். பியூலா வந்ததும் பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. நேராக சோபாவைப் பார்த்தார். விரலால் லேசாக அழுத்தினார். பிறகு கணவர், மகன் இருவரோடும் பெரியதில் உட்கார்ந்தார்.

லாசரஸுக்கு வேர்த்தது. கயிறு தாங்குமா? சாய்ந்தால் என்ன ஆகும்? ஆனால் அவர்கள் மூன்று பேரும் சாயவே இல்லை. அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். காபி குடிக்கும்போதும் முதுகு நேராக இருந்தது. “என்ன வளர்ப்பு பாருங்க” என்று கிருபா என்னிடம் கிசுகிசுத்தார். அபிகாயில் தொழில் முறையில் அந்த முதுகுகளைப் பார்த்து மலைத்துப்போய் நின்றாள்.

ஜெபம் முடிந்தது. ஊர்ப் பேச்சு, சபைப் பேச்சு எல்லாம் முடிந்தது. ஆனாலும் பியூலா வந்த விஷயத்துக்கு வரவில்லை. அவர் கண் திரும்பத் திரும்பக் கைப்பிடிக்கே போனது. லாசரஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒன்றுக்கும் உதவாத பீஸைப் பாஸ் பண்ணிவிட்ட குற்றம் அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. “அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்…” என்று எழுந்தார்.

பியூலா அதற்குள் குனிந்துவிட்டார். உறையின் ஓரத்தை மெல்லத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“நீலமா?” என்றார் பியூலா. “எங்களுது பச்சை.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆபேல் மட்டும் தலை குனிந்துகொண்டான்.

“ரெண்டு வருஷம் முன்னாடி நாங்களும் போனோம்மா. அதே குறட்டை, அதே கேள்வி. இவரும் வெள்ளைன்னுதான் சொன்னாரு. இதே மெரூன்தான் வந்துச்சு.” பியூலா உறையை இறக்கி விட்டார். “யார்கிட்டயும் சொல்லலை. வெக்கமா இருந்துச்சு. உலகத்துல எங்களை மட்டும்தான் ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சோம். சேர் வாங்கி, உறை மாட்டி, வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் ‘சாயாதீங்க, சாயாதீங்க’ன்னு சொல்லியே காலம் போயிடுச்சு. உங்களை டிவியில பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்க என்ன இருக்கு. இவங்களுக்கு மட்டும் நிஜ சோபா வந்துடுச்சோன்னு. அதான், உக்காந்து பாத்துடணும்னு ஓடி வந்தேன்.”

ஜெயித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கேயும் போவதில்லை. பள்ளிக்கரணையிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு, சாயாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிருபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு பியூலாவின் தோளில் சாய்ந்தார். பிரிட்டோ சொல்லிக்கொடுத்த அதே வரிசைதான், ஆனால் சிரிப்பு இப்போது நிஜமாகவே பீறிட்டது. பியூலாவும் சிரித்தார். லாசரஸும் சிரித்தார், வாய்விட்டு, தலையை ஆட்டி ஆட்டி. பிரிட்டோ பார்த்திருந்தால் முதல் தடவையிலேயே ஓகே சொல்லியிருப்பார்.

பியூலா அபிகாயிலைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். “எங்க வீட்டு சேர் வாடகை இல்லம்மா, சொந்தம். நீ வந்தா தாராளமா உக்காரலாம். சாயத்தான் கூடாது.”

“முதுகுக்கு அதான் நல்லது ஆன்ட்டி” என்றாள் அபிகாயில்.

அவர்கள் கிளம்பிப் போனதும் மதில் சுவருக்கு மேலே துளசிங்கத்தின் தலை தெரிந்தது.

“இன்னா சார், செட் ஆச்சா?”

எந்த செட்டைக் கேட்கிறார் என்று லாசரஸ் ஒரு கணம் யோசித்தார்.

“ஆயிடுச்சு துளசிங்கம்.”

“அப்ப காத்தால சேர அனுப்பிடு சார். செம்பாக்கத்துல ஒரு காதுகுத்து கீது.”